லோயர் கேம்ப் வளைவில் ஒரு நீலக் குழாய்

எங்க வீட்டு ஸ்விஃப்ட் காரின் கதவைத் திறந்தால் ஏலக்காய் வாசம் வரும். பானட்டைத் திறந்தால் எலிப்புழுக்கை வாசம் வரும். முதல் வாசத்துக்குக் காரணம் அப்பா. ஏலக்காய் யாவாரம். வாரத்துல ரெண்டு நாள் சின்னமனூர்ல இருந்து கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் வழியா குமுளி ஏறி, வண்டன்மேடு பக்கம் தோட்டக்காரங்களைப் பார்த்துட்டு, பின் சீட்டை மடக்கி மூட்டையோட இறங்கி வருவார். ரெண்டாவது வாசத்துக்குக் காரணம் பக்கத்து நெல் வயல்.

2009 மாடல் டீசல் வண்டி. 2015-ல் மதுரையில் ஒருத்தர்கிட்ட வாங்கினோம். போன லீவுல அது 1,90,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. நான் ஆறாவது செமஸ்டரைத் தாண்டியிருந்தேன். மெக்கானிக்கல் படிக்கிறவன் வீட்ல சும்மா உட்கார்ந்திருந்தா ஊர் ரெண்டே கேள்விதான் கேட்கும். "பிளேஸ்மெண்ட் ஆச்சா தம்பி?" அடுத்தது, "எங்க வீட்டு மிக்சி ஓடல, என்னன்னு பாக்குறியா?" இந்த ரெண்டுக்கும் தப்பிக்கத்தான் பானட்டுக்குள்ள தலையை விட்டேன்.

உண்மையான காரணம் யூடியூப். வெளிநாட்டுல ஒருத்தர் தன் வீட்டு கேரேஜில் டர்போ கார் ஒன்றின் எஞ்சினைச் சுற்றி இருக்கும் அத்தனையையும் கழற்றி, தேய்த்து, பெயிண்ட் அடித்து, கலர் கலரா சிலிக்கான் ஹோஸ் மாட்டி, கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்திருந்தார். நம்ம வீட்ல கேரேஜ் இல்லை. வேப்ப மரம் இருந்தது. போதாதா?

இந்த எஞ்சினைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லியே ஆகணும். ஃபியட் உருவாக்கிய 1.3 லிட்டர் மல்டிஜெட். 1248 சிசி, நாலு சிலிண்டர், பதினாறு வால்வு, டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். காமன் ரெயில் டீசல் எஞ்சினோடு முதலில் விற்பனைக்கு வந்த கார்களில் ஒன்று 1997-ன் ஆல்ஃபா ரோமியோ 156. அதன் அடுத்த தலைமுறைதான் இது. ஒரே சுற்றில் டீசலைப் பல தவணையா பிரிச்சுத் தெளிப்பதால் மல்டிஜெட்னு பேர். மாருதி இதை லைசென்ஸ் வாங்கி இங்கேயே செய்தது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், டாடா விஸ்டா, புன்டோ, லீனியா, எர்டிகான்னு எந்த பானட்டைத் திறந்தாலும் இதுதான் இருக்கும். இந்தியாவின் தேசிய எஞ்சின்னு கிண்டலா சொல்வாங்க. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்ததும் மாருதி டீசலையே நிறுத்திடுச்சு. இனிமேல் புதுசா வராது, இருக்கிறதைப் பார்த்துக்கணும். இப்படியெல்லாம் பெரிய காரணம் சொல்லித்தான் அப்பாகிட்ட 4,000 ரூபாய் வாங்கினேன்.

"ஓடுற வண்டிடா. அதுல என்ன வேலை?" என்றார்.

"சுத்தம் பண்றேன்ப்பா. அவ்வளவுதான்."

"கழட்டுன பழச எதையும் தூக்கிப் போடாத." அதோட விட்டுட்டார்.

முதல் ரெண்டு நாள் வேலை நல்லாத்தான் போனது. பேட்டரி வயரைக் கழற்றினேன். டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீரும் சோடா உப்பும் போட்டுக் கழுவினேன். ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தால் உள்ளே அரைக்கிண்ணம் நெல் உமி. எலி குடும்பமே நடத்தியிருக்கு. ரெண்டு இடத்துல வயரின் மேல்தோலைக் கடிச்சிருந்தது. நல்லவேளை செம்பு அறுபடலை. ஸ்லீவ் போட்டு, துணி டேப் சுத்தினேன். சென்சார் சாக்கெட், ஆல்டர்னேட்டர் எல்லாத்தையும் பாலித்தீன் பையால மூடிக் கட்டி, டீசல், பழைய பெயிண்ட் பிரஷ், பனியன் வேஸ்ட், கொஞ்சம் டீகிரீசர்னு உட்கார்ந்துட்டேன். பிரஷர் வாஷர் வாடகைக்குக் கிடைக்கும்தான். எலெக்ட்ரானிக்ஸ் நிறைந்த எஞ்சினில் அதைப் பீய்ச்சாமல் இருந்தது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

மூணாவது நாள் ஊர் மெக்கானிக் அண்ணன் டீ குடிக்கப் போற வழியில் எட்டிப் பார்த்தார். பளபளன்னு இருக்கு, பாராட்டுவார்னு நினைச்சேன். "போட்டோ எடுத்து வச்சியா?" என்றார். கழுவுறதுக்கு முன்னாடி எடுத்தியான்னு கேட்கிறார். எடுக்கலை. "எங்கெங்க புழுதி ஈரமா ஒட்டியிருந்துச்சு, ஞாபகம் இருக்கா?" இல்லை. அவர் தலையை ஆட்டிட்டுப் போயிட்டார்.

அப்புறம்தான் விளங்கியது. ஆயில் கசியிற இடத்துல மட்டும் புழுதி ஈரமா, கறுப்பா, கனமா படியும். வால்வ் கவர் கேஸ்கெட்டா, டர்போ குழாயின் மூட்டான்னு அந்தக் கறை வழியா விரலை ஓட்டினால் மேலே போய்ச் சேரலாம். பத்து வருஷமா அந்த எஞ்சின் எழுதி வச்ச டைரியை நான் டீசல் ஊத்தி அழிச்சிருந்தேன். (லேப் ரெக்கார்டு நோட்டை இப்படி அழிச்சிருந்தா ஹெச்ஓடி என்ன செய்வார்னு நினைச்சுப் பாருங்க.) சுத்தமான எஞ்சினில் புதுக்கசிவு சட்டுனு தெரியும் என்பதும் உண்மைதான். ஆனால் அதுக்குக் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்கணும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஏன்னா கூரியரில் நீல ஹோஸ் வந்துடுச்சு.

டர்போ எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்க எங்க பள்ளத்தாக்கு ஆளுகளுக்குப் புத்தகம் தேவையில்லை. லோயர் கேம்ப்ல நின்னு மலையைப் பார்த்தால் போதும். அரபிக் கடலுக்குப் போயிருக்க வேண்டிய பெரியாறு தண்ணி, சுரங்கம் வழியா கிழக்கே திரும்பி, ராட்சதக் குழாய்களில் சரிவில் பாய்ந்து, பவர் ஹவுஸில் டர்பைனைச் சுத்திட்டு, அப்புறம் எங்க வயலுக்கு வருது. டர்போவிலும் அதே கதைதான். சைலன்சர் வழியா வீணாப் போற புகை ஒரு குட்டி டர்பைனைச் சுத்துது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரசர் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல். ஆல்ஃப்ரெட் பூஷி என்ற சுவிஸ் எஞ்சினியர் 1905-லேயே இதுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். 1918-ல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் ஒரு விமான எஞ்சினை 14,000 அடி உயர பைக்ஸ் பீக் மலைக்கே தூக்கிட்டுப் போய் டர்போவைச் சோதித்தார். உயரத்தில் காற்று மெலிசு. மெலிசான காற்றில் எஞ்சின் மூச்சு வாங்கும். டர்போ அந்தக் குறையை ஈடுகட்டும். குமுளி அவ்வளவு உயரமெல்லாம் இல்லை. ஆனாலும் அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஒரு பத்து சதவீதம் கம்மி. மூட்டையோட மலை ஏறி இறங்குற வண்டிக்கு டர்போதான் நுரையீரல்.

இப்படிக் கம்ப்ரசரிலிருந்து அமுக்கின காற்றைக் கொண்டுபோகிற ரப்பர் ஹோஸைத்தான் நான் மாத்தினேன். பழசு கறுப்பு, அசிங்கமா இருந்தது. வேற குறை எதுவும் இல்லை. புதுசு நீலம். அது மாட்டுகிற இரும்புக் குழாயை எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, பளபளப்பான சிவப்பு ஸ்ப்ரே அடித்தேன். முனை வரைக்கும், அந்த விளிம்பு மேட்டின் மேலயும் சேர்த்து. பெயிண்ட் தொட்டுப் பார்க்கக் காய்ந்திருந்தது. ஹோஸை மாட்டி, கூடவே வந்த பளபள கிளிப்பை முறுக்கி, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன். கிளாஸ் பயலுக எல்லாம் ஃபயர் விட்டாய்ங்க. தங்கச்சி மட்டும் "பானட்டை மூடுனா யாருக்குண்ணே தெரியும்?" என்றாள்.

ரெண்டு நாள் கழிச்சு, காலைல ஏழே காலுக்கு அப்பா போன். "வண்டி இழுக்கலடா. டப்புன்னு ஒரு சத்தம். பின்னாடி கரும்புகையாத் தள்ளுது." லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறுறப்ப, குழாய்கள் தெரியிற வளைவுல, சக்கரத்துக்குக் கல்லு வச்சு நிறுத்தியிருந்தார். எனக்குப் பார்க்காமலே தெரிஞ்சது. ஹோஸ் பிடுங்கிக்கிச்சு. உள்ளே போற காற்றை அளக்கும் சென்சாருக்கு, வழியிலே காற்று வெளியே போறது தெரியாது. அந்தக் கணக்குக்கே டீசல் தெளிக்கும். காற்று பத்தாமல் டீசல் கரும்புகையாப் போகும். "அப்பா, ஆஃப் பண்ணுங்க. ஓட்டாதீங்க" என்றேன். எதிர்க்க அழுத்தம் இல்லாமல் டர்போ கட்டுமீறிச் சுத்தினால் அதோட கதையும் முடிஞ்சிடும்.

சாக்குக்குள்ள கிடந்த பழைய ஹோஸ், பழைய கிளிப், ஸ்க்ரூ டிரைவர், பத்தாம் நம்பர் ஸ்பேனர், ஒரு பாட்டில் தின்னர். கம்பத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து குமுளி பஸ். மடியில் அந்தக் கறுப்பு ரப்பரை வச்சுக்கிட்டு ஒன்றரை மணி நேரம். பஸ்ஸில் சும்மா இருக்க முடியாமல் ஒரு கணக்குப் போட்டேன். குழாய்க்குள் விட்டம் 5 செ.மீ. என்றால் பரப்பு 20 சதுர செ.மீ. கிட்ட. பூஸ்ட் ஒரு பார்னு வச்சுக்கிட்டா ஹோஸை வெளியே தள்ளுற விசை சுமார் 20 கிலோ. ஒவ்வொரு தடவை ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதும். இதைத் தடுக்க இருந்தது, எஞ்சின் சூட்டில் இளகுற புதுப் பெயிண்ட்டின் மேல் உட்கார்ந்த ஒரு அலங்கார கிளிப். கூடவே, டர்போ குழாயில் எப்பவும் லேசா இருக்கும் ஆயில் ஆவி. முதல் வருஷ மெக்கானிக்ஸ் கணக்கு. அந்தப் பேப்பரில் எனக்கு ஏ கிரேடு.

கண்டக்டர் வளைவுக்குக் கொஞ்சம் தள்ளி இறக்கிவிட்டார். அப்பா தடுப்புச் சுவர் ஓரமா நின்னு மலையாளத்தில் போன் பேசிக்கிட்டிருந்தார். ஒன்பது மணிக்குள் வர்றதா சொல்லியிருந்த தோட்டம். அங்கே இன்னொரு யாவாரி காத்துக்கிட்டு இருந்தார் போல. "சரி, கொடுத்துருங்க" என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. போனைப் பாக்கெட்டில் போட்டுட்டு, "சாப்பிட்டியா?" என்றார்.

தின்னரால் சிவப்புப் பெயிண்ட்டை முனையிலிருந்து சுரண்டி எடுக்க இருபது நிமிஷம் ஆச்சு. அப்பா குனிஞ்சு பார்த்துக்கிட்டே இருந்தார். பழைய ஹோஸ் விளிம்பைத் தாண்டி 'பொளக்'னு உட்கார்ந்தது. பத்து வருஷமா அந்த வடிவத்துக்கே பழகிய ரப்பர். கிளிப்பை நான் முறுக்கியதும், அவர் வாங்கி இன்னொரு கால் சுற்று முறுக்கினார். "இது எதுக்குடா இருக்கு?" என்று கேட்டார். மேலே தெரிஞ்ச குழாய்களைக் கையைக் காட்டி, பவர் ஹவுஸ் கதையைச் சொன்னேன். "அந்தக் குழாய்க்குப் பெயிண்ட் அடிக்கிறவன் வெளியதான அடிப்பான்?" என்றார். பதில் சொல்லலை.

குமுளி போகலை. திரும்பி இறங்கிட்டோம். அந்தத் தோட்டத்துச் சரக்கு போச்சு. எவ்வளவு நஷ்டம்னு அவர் இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்லை. அடுத்த மாசம் என் செமஸ்டர் ஃபீஸ் கட்டுற அன்னைக்கு சித்தப்பாகிட்ட அவர் போன்ல பேசினது காதுல விழுந்துச்சு. அதை வச்சு ஒரு கணக்கு எனக்குள்ளயே இருக்கு.

பூஸ்ட் கூட்டுற டியூனிங் பாக்ஸ் வாங்குறதா இருந்தேன், அதை விட்டுட்டேன். பலருக்குத் தெரியாத ஒன்னு: ஆர்சி புத்தகத்தில் இருக்கும் விவரத்துக்கு மாறா வண்டியை மாத்துறது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி தப்பு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு, ஜெயிலும் உண்டு. வயர் சரிபண்றது, சுத்தம் பண்றது, கம்பெனி போட்ட மாதிரியே ஹோஸ் மாத்துறது இதுல வராது.

இப்போ பானட்டுக்குள் எல்லாம் பழையபடி கறுப்புதான். இரும்புக் குழாயின் நடுவில் மட்டும் சிவப்பு மிச்சமிருக்கு. மாசம் ஒருமுறை திறந்து போட்டோ எடுக்கிறேன், கழுவுறதில்லை. மூணாவது மாசப் போட்டோவில் வால்வ் கவர் மூலையில் ஈரப் புழுதி ஒரு ரூபாய் அகலத்துக்குத் தெரிந்தது. மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்டினேன். போனை வாங்கிப் பெருசு பண்ணிப் பார்த்துட்டு, "ஞாயித்துக்கிழமை வா, நீயே கேஸ்கெட்டை மாத்து, நான் பக்கத்துல இருக்கேன்" என்றார். நீல ஹோஸ் அப்பத்தாகிட்ட இருக்கு. மல்லிச் செடிக்கு வாய்க்கால் தண்ணி திருப்ப அதை வரப்புல பதிச்சு வச்சிருக்கு. அங்கே அது பிடுங்கிக்கவே இல்லை.