விருதுநகர் டு சிவகாசி: அரசியல் சட்டம் நடந்து வந்த சாலை

விருதுநகர் என்றால் எண்ணெய் பரோட்டா. சிவகாசி என்றால் பட்டாசு. இரண்டு ஊருக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகப் பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால், இந்தச் சின்னத் தூரத்துக்குள் இந்திய அரசியல் சட்டத்தின் பெரிய கேள்விகள் மூன்று எழுந்திருக்கின்றன. ஒரு மாநிலத்துக்கு யார் பெயர் வைப்பது? ஒரு குழந்தை எங்கே இருக்க வேண்டும்? மூச்சா, பிழைப்பா?

பயணத்தை விருதுநகர் தெப்பக்குளத்தில் தொடங்கலாம். மாரியம்மன் கோயில், பருப்பு, மிளகாய், எண்ணெய் வியாபாரம் நடக்கும் கடைவீதி என்று ஊரின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். பக்கத்துத் தெரு ஒன்றில் இருக்கிறது காமராஜர் வாழ்ந்த வீடு. இப்போது அது நினைவு இல்லம். ஒன்பது ஆண்டுகள் முதல்வராக இருந்தவரின் வீடா இது என்று வருகிறவர்களை வியக்கவைக்கும் எளிமை. அரசியல் சட்டத்தை உருவாக்கிய அரசியல் நிர்ணய சபையில் காமராஜரும் ஓர் உறுப்பினர் என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

உயிர் கேட்ட பெயர்

அதே ஊரில் உள்ள தேசபந்து மைதானத்துக்கு வேறொரு கதை உண்டு. 1956 ஜூலை 27 அன்று, அறுபது வயதைக் கடந்த சங்கரலிங்கனார் விருதுநகரில் உண்ணாவிரதம் தொடங்கினார். பன்னிரண்டு கோரிக்கைகள். அவற்றில் முக்கியமானது, சென்னை மாகாணத்துக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் சூட்ட வேண்டும் என்பது. எழுபது நாட்களைத் தாண்டியும் அவர் நோன்பைக் கைவிடவில்லை. அக்டோபர் 13 அன்று மதுரை மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. அப்போது முதல்வர், அதே விருதுநகரில் பிறந்த காமராஜர்.

ஒரு பெயரை மாற்ற ஏன் இத்தனை பாடு? காரணம், அரசியல் சட்டத்தின் 3-வது பிரிவு. மாநிலத்தின் பெயரையோ எல்லையையோ மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான். மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்பார்கள். அதை ஏற்றே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்கே மாநிலங்கள் முதலில் இருந்தன. அவற்றின் பிரதிநிதிகள் 1787-ல் பிலடெல்பியாவில் கூடி மத்திய அரசுக்கான சட்டத்தை எழுதினார்கள். அதனால் ஒரு மாநிலத்தைப் பிரித்துப் புது மாநிலம் அமைக்க வேண்டுமானால், அந்த மாநிலச் சட்டமன்றம் சம்மதிக்க வேண்டும். பெயரும் அவர்கள் கையில்தான். ரோட் ஐலண்ட் மாநிலம் தன் நீளமான அதிகாரபூர்வப் பெயரைச் சுருக்கிக்கொள்ள 2020-ல் மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தியது. முடிந்தது வேலை.

இங்கே பல படிகள் ஏற வேண்டியிருந்தது. 1967 ஜூலை 18 அன்று, அண்ணா முதல்வராக இருந்தபோது சட்டமன்றம் பெயர் மாற்றத் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. 1968-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில் 'தமிழ்நாடு' அதிகாரபூர்வமானது. சங்கரலிங்கனார் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று விருதுநகரில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.

தீப்பெட்டியும் பிஞ்சு விரல்களும்

பஸ் ஆமத்தூரைத் தாண்டும்போது கரிசல் காடு இரண்டு பக்கமும் விரிகிறது. மழை குறைந்த, வெயில் காயும் பூமி. விவசாயத்துக்கு எதிரியான அந்த வெயில்தான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் நண்பனானது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். பிறகு பட்டாசும் அச்சுத் தொழிலும் சேர, சிவகாசி 'குட்டி ஜப்பான்' ஆனது.

அந்தப் புகழின் மறுபக்கத்தில் குழந்தைகள் இருந்தார்கள். விடியும் முன்பே எழுப்பி, வேலைக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள். 14 வயதுக்கு உட்பட்டவர்களைத் தொழிற்சாலையிலோ, சுரங்கத்திலோ, ஆபத்தான வேலையிலோ அமர்த்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 24-வது பிரிவு. 1950 முதலே அது இருக்கிறது. ஆனாலும் குச்சி அடுக்கிய விரல்கள் ஓயவில்லை.

1986-ல் எம்.சி.மேத்தா என்ற வழக்கறிஞர் சிவகாசிக் குழந்தைகளுக்காக உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். அடிப்படை உரிமை மீறப்பட்டால் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம் என்று வழிவிடும் 32-வது பிரிவு அதற்குக் கை கொடுத்தது. பத்தாண்டுகள் கழித்து, 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பு வந்தது. சட்டத்தை மீறி ஒரு குழந்தையை வேலைக்கு வைத்தால், குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாயை முதலாளி நல நிதியில் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை. அரசால் அது முடியாவிட்டால் 5,000 ரூபாயை நிதியில் சேர்க்க வேண்டும். குழந்தை பள்ளிக்குப் போக வேண்டும். குழந்தையை வேலைக்குத் தள்ளுவது வறுமை என்பதை நீதிமன்றம் மறக்கவில்லை.

இந்த விஷயத்தில் அமெரிக்கா தடுமாறியது. குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்த 1916-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டத்தை, 1918-ல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது. அது மாநிலங்களின் அதிகாரம், மத்திய அரசு தலையிட முடியாது என்றது தீர்ப்பு. வழக்குப் போட்டவர், தன் மகன்கள் பஞ்சாலையில் வேலை பார்க்க வேண்டும் என்று கேட்ட ஒரு தந்தை! அரசியல் சட்டத்தையே திருத்த 1924-ல் எடுத்த முயற்சிக்கும் போதுமான மாநிலங்களின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 1938-ல் வந்த புதிய சட்டத்தை 1941-ல் நீதிமன்றம் ஏற்ற பிறகுதான் சிக்கல் தீர்ந்தது. நம்மவர்களோ தடையை அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அங்கே அதிகாரம் யாருக்கு என்பது கேள்வி. இங்கே எழுதியதை நடத்திக்காட்டுவது யார் என்பது கேள்வி.

சரவெடிக்குத் தடை

சிவகாசியைச் சுற்றிய கிராமங்களில், வெட்டவெளியில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும் சிறிய அறைகளைப் பார்க்கலாம். அவைதான் பட்டாசு ஆலைகள். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பதற்காகவே அந்த இடைவெளி. அப்படியும் விபத்துச் செய்திகள் நின்றபாடில்லை.

மூன்றாவது கேள்வி டெல்லியிலிருந்து வந்தது. 2015-ல் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்களின் தந்தைகள் உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். சுத்தமான காற்று, 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்பது வாதம். தொழில் செய்யும் உரிமையை 19-வது பிரிவு தருகிறதே என்றார்கள் பட்டாசு உற்பத்தியாளர்கள். 2018 அக்டோபர் 23 அன்று வந்த தீர்ப்பு பட்டாசை முழுதாகத் தடை செய்யவில்லை. சரவெடி கூடாது, பேரியம் உப்பு கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும், தீபாவளியன்று இரண்டு மணி நேரம் மட்டும் என்றது.

பச்சை நிற ஒளி தருவது பேரியம்தான். அது இல்லாமல் எப்படித் தொழில் நடத்துவது என்று திகைத்து, சிவகாசியில் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. டெல்லிக் குழந்தையின் நுரையீரலும் சிவகாசித் தாயின் வாரக் கூலியும் ஒரே தராசில் ஏறிய காலம் அது. இன்றும் அந்தத் தராசு ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஊருக்குத் திரும்பும் முன் சிவகாசியின் அச்சகத் தெருக்களையும் எட்டிப் பார்க்கலாம். தீபாவளி முடிந்த கையோடு காலண்டர் வேலை சூடு பிடித்துவிடும். ஊர் ஊராகக் கடைக்காரர்கள் கொடுக்கும் காலண்டர்களில் ஏராளமானவை இங்கே அச்சானவை. அவற்றில் ஜனவரி 26 சிவப்பு மையில் இருக்கும். அந்த நாளில் நடைமுறைக்கு வந்த புத்தகத்தின் சில வரிகளை நாட்டுக்கு நினைவூட்டியது இந்தச் சாலைதான்: ஒரு முதியவரின் பட்டினியால், பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைகளின் விரல்களால்.

எப்படிப் போகலாம்? மதுரை - திருநெல்வேலி ரயில் பாதையில் இருக்கிறது விருதுநகர் சந்திப்பு. அங்கிருந்து தென்காசி செல்லும் பாதையில் சிவகாசி. ஒரே நாளில் இரண்டு ஊரையும் நிதானமாகப் பார்த்து வரலாம்.