குட்டி யானையில் ஏறும் சைக்கிள்கள்

அம்பத்தூருக்கும் சைக்கிளுக்கும் உள்ள சொந்தம் பழையது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் 1949-இல் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், ஹெர்குலிஸ் சைக்கிள்களை இங்கேதான் செய்தது. தொண்ணூறுகளில் பள்ளிக்கூடப் பையன்களை ஏங்க வைத்த ஹெர்குலிஸ் எம்டிபியின் பெயரிலேயே மலை உண்டு. ஆனால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எங்கே சுற்றினாலும் கிடைக்கிற பெரிய ஏற்றம் ரயில்வே மேம்பாலம்தான் :)

மலை வேண்டுமென்றால் பூந்தமல்லியில் பெங்களூர் சாலையைப் பிடிக்க வேண்டும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி தாண்டினால் ஏலகிரி. சென்னையிலிருந்து சுமார் 230 கிலோமீட்டர். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் அல்லது ஒரு வள்ளல் பெயர். ஒரு டஜன் கல்லூரிப் பையன்கள் வாடகை சைக்கிள் எடுத்து, அவற்றை வண்டியில் மேலே ஏற்றி, இறக்கத்தை மட்டும் ஓட்டி, கீழே வந்ததும் மறுபடி ஏற்றிக்கொண்டு போவதாக ஒரு நாள் திட்டம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

"மிதிக்காம ஏறுறதெல்லாம் சைக்கிளிங்காடா?" என்று கூட்டத்தில் ஒருவன் கட்டாயம் கேட்பான். அவனுக்குப் பதில் கலிஃபோர்னியாவில் இருக்கிறது. மவுண்டன் பைக் பிறந்த இடம் என்று சொல்லப்படும் மரீன் கவுன்டியில், 1976 அக்டோபரில் நண்பர்கள் கூட்டம் ஒன்று பழைய கனத்த சைக்கிள்களைப் பிக்கப் வண்டியில் மலைமேல் ஏற்றிக்கொண்டு போய் மண்பாதையில் பந்தயம் விட்டது. சுமார் இரண்டு மைல் தூரத்தில் 1,300 அடி இறக்கம். கீழே வருவதற்குள் பின்சக்கர ஹப் பிரேக்கின் கிரீஸ் சூட்டில் உருகிப் புகைந்துவிடும். ஒவ்வொரு முறையும் புது கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. ஆக, வண்டியில் ஏறுவது ஏமாற்று வேலை இல்லை. அந்தக் கதையில் கவனிக்க வேண்டியது பிரேக்கை.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ. 300 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், ஒரு லிட்டர் தண்ணீரைக் கிட்டத்தட்ட கொதிக்க வைக்கப் போதும். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக்கில்தான் சூடாக இறங்குகிறது. ஏலகிரி ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல். வழி முழுக்கப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்பே நன்றாக வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவு முடிந்ததும் விட்டுவிட வேண்டும்.

அந்தக் கால 'அவர் சைக்கிள்' கடையில் மட்கார்டு நம்பரை நோட்டில் எழுதினால் வேலை முடிந்தது. பிரேக் பிடிக்காவிட்டால் காலை ஊன்றிக்கொள்ளலாம், தெரு சமதளம். மலையில் அது நடக்காது. எனவே வாடகைக்கு எடுக்கும்போது, டயர் பட்டனையும் கியரையும் பார்த்து மயங்காமல் பிரேக் கட்டை எவ்வளவு மிச்சம், கேபிளில் பிசிறு உண்டா, எந்தக் கை முன் பிரேக் என்று பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும். ஏற்கெனவே இருக்கும் கீறல்களைக் கடைக்காரர் முன்னாலேயே போட்டோ எடுத்துக்கொண்டால் டெபாசிட் திரும்பும்போது சண்டை இல்லை. ஹெல்மெட் எல்லோருக்கும்.

அடுத்தது வண்டி. டாடா ஏஸ், அதாவது நம்ம குட்டி யானை, சைக்கிளுக்குச் சரி. பின்னால் ஆட்கள் ஏறக் கூடாது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் சிக்கலாகும். ஆட்களுக்குத் தனியாக ஒரு வேன் வேண்டும்.

திட்டம் பெரும்பாலும் உடைவது இங்கேதான். வேன், குட்டி யானை, டீசல், டிரைவர் பேட்டா, டோல் எல்லாம் கணக்குக்கு 18,000 ரூபாய் என்றால், 12 பேருக்குத் தலைக்கு 1,500. முதல் நாள் ராத்திரி நான்கு பேர் "வீட்ல விடலடா" என்று கழன்றுகொண்டால் 2,250. காஸ்டிங் பேப்பரில் நிலையான செலவு, மாறும் செலவு என்று படிக்கிறோமே, அதேதான். சைக்கிள் வாடகை ஆளுக்கேற்ப மாறும், வண்டிச் செலவு மாறாது. வண்டிப் பங்கை முன்பே வாங்கிவிட வேண்டும், வராதவனுக்குத் திருப்பித் தருவதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நட்புக்காக இதைச் சொல்லாமல் விட்டுத்தான் பல நட்புகள் முறிகின்றன.

தார்ச்சாலை போரடிக்கிறது என்று காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் இறங்க ஆசை வரும். வனத்துறை அனுமதி இல்லாமல் கூடவே கூடாது. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வார இறுதிக்கு மலையேறப் போனவர்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. மண்ணில் ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால் மலைமேல் ஊர்களை ஒட்டிய வண்டிப்பாதைகள் இருக்கின்றன, ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம்.

விடியற்காலை 4 மணிக்குப் பூந்தமல்லியில் கிளம்பினால் எட்டரை, ஒன்பதுக்கு அடிவாரம். எதிரே பஸ் ஏறி வரும் சாலை, பந்தயத்துக்கு இடமில்லை. எல்லோரும் இடது ஓரம், ஒருவருக்கொருவர் நல்ல இடைவெளி. இறக்கம் பழகிய ஒருவன் முன்னால், பஞ்சர் சாமானும் முதலுதவிப் பெட்டியுமாக ஒருவன் கடைசியில். மூன்று முறை இறங்கலாம் என்று கணக்கு சொல்லும். இரண்டோடு நிறுத்துவது உத்தமம், மூன்றாவதில் கை விரல்களுக்குப் பிரேக்கை அழுத்தத் தெம்பிருக்காது. மிச்ச நேரத்துக்கு, திரும்பும் வழியில் ஆம்பூர் பிரியாணி இருக்கவே இருக்கிறது. அதன் செலவை மட்டும் பொதுக் கணக்கில் சேர்க்காமல், அவனவன் தின்றதற்கு அவனவன் கொடுத்துவிட வேண்டும்.