மார்கழி நீச்சல்

மார்கழி பிறந்துவிட்டால் நம் நாட்டு ஆடவர் பலருடைய தலையில் குரங்குக் குல்லா முளைத்துவிடுகிறது. "விடியற்காலையில் நீந்தப் போகிறோம்" என்று நாம் சொன்னால் நண்பர்கள் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். சிலர் நாடி பிடித்துப் பார்க்கவும் தயாராகிறார்கள்.

இத்தகைய அன்பர்களுக்கு லண்டன் ஹைட் பார்க்கிலுள்ள ஸெர்பன்டைன் ஏரியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். அங்கே 1864-ஆம் ஆண்டில் தோன்றிய நீச்சல் சங்கத்தார் கிறிஸ்துமஸ் தினத்துக் காலையில் 100 கஜப் பந்தயம் நடத்துகிறார்கள். அந்த நீரின் குளிர்ச்சி எலும்பைத் துளைப்பது. பழக்கமில்லாதவர் திடீரென்று குதித்தால் மூச்சுத் திணறும், இருதயமே தடுமாறக்கூடும். ஆகையால் படிப்படியாகப் பழகியவர்களே அதில் இறங்குகிறார்கள்.

நமக்கோ இயற்கை அன்னை வேறு ஏற்பாடு செய்திருக்கிறாள். நமது கொங்கு நாட்டில், ஐப்பசி கார்த்திகை மழை ஒழுங்காகப் பெய்த ஆண்டுகளில், கிணற்றுப் படிகளில் பாதி நீரில் மறைந்துவிடும். சித்திரையில் பாதாளத்தில் கிடந்த தண்ணீர் மார்கழியில் மேலேறி நம்மை அழைக்கிறது. பூமிக்குள்ளிருந்து ஊறும் நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் அதிகமாக மாறுவதில்லை. ஆதலால், விடியற்காலைக் காற்று குளிர்ந்திருக்கும்போது கிணற்று நீர் வெதுவெதுப்பாயிருக்கிறது. சில நாட்களில் மெல்லிய ஆவியும் எழும்புகிறது. குளிரெல்லாம் படியில் நிற்பவனுக்குத்தான். கழுத்தளவு நீரில் இருப்பவனுக்கு இல்லை. நீந்தி முடித்து, உடம்பைத் துவட்டி, ஒரு டம்ளர் சுக்குக் காப்பி அருந்தினால் உண்டாகும் உற்சாகத்தை, அன்று முதல் பாடவேளையிலேயே மாணவர்கள் கண்டுகொள்கிறார்கள்.

பயிற்சி வகுப்பின் நிமித்தம் ஒரு குளிர்காலத்தைப் பட்டணத்தில் கழித்தபோது, கூரை வேய்ந்த நீச்சல் குளம் ஒன்றுக்கும் போய் வந்தோம். தலைக்குமேல் வானம் இல்லை. குளோரின் வாடை உண்டு. காலைக் கடிக்க மீன் குஞ்சுகள் இல்லை. ஆயினும் அதன் அருமை வேறு. அடித்தளம் தெளிவாகத் தெரிகிறது. ஆழமில்லாத பக்கத்தில் காலூன்றி நின்று பழகலாம். கண்காணிக்க ஆளும் உண்டு. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், கம்பியை விட்டுவிட்டு முதன் முறையாக மிதந்தபோது, குழந்தையைப் போல் கூவினார். கற்பதற்குக் குளம், களிப்பதற்குக் கிணறு என்பது அன்று முதல் நமது கட்சி.

இது வெறும் களிப்பைப் பற்றிய விஷயமன்று. சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் படித்த சிறுவன் ஒருவன், மழைக்குப் பின் நிரம்பியிருந்த குட்டையில் கால் கழுவ இறங்கினான், மீண்டு வரவில்லை. பொருள்கள் நீரில் மிதக்கும் தத்துவத்தைப் பிழையின்றி ஒப்புவித்த பிள்ளை அவன். ஏட்டில் மிதந்தவனுக்கு நீரில் மிதக்க யாரும் கற்றுத் தரவில்லை. 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. நமக்கு அந்த ஒரு பெயரே போதும்.

அதன் பிறகுதான் நமது புதல்வியின் இடுப்பில் சுரைக்குடுக்கையையும் கயிற்றையும் கட்டிக் கிணற்றில் இறக்கினோம். "பெண் பிள்ளைக்கு நீச்சல் எதற்கு?" என்று நமது தாயார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. முதல் வாரம் குழந்தை கடப்பாறை நீச்சல்தான் நீந்தினாள். தை பிறப்பதற்குள் குடுக்கை கழன்றுவிட்டது. தனியே கிணற்றில் இறங்கலாகாது. ஆழம் அறியாத கல்குழியில் குதிக்கலாகாது. தத்தளிப்பவரைக் கண்டால் தானும் குதிக்காமல் கயிறோ, மூங்கிலோ, சேலையோ நீட்ட வேண்டும் என்ற மூன்று விதிகளையும் அவளுக்கு மனப்பாடமாக்கினோம்.

மாரி வஞ்சிக்காத ஆண்டில் நீர்நிலைகள் நிரம்பி நிற்கும் பருவமே ஆபத்து மிகுந்த பருவம்; கற்பதற்கு ஏற்ற பருவமும் அதுவே. குல்லாவைக் கழற்றி வைத்துவிட்டு, நீச்சல் அறிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, நேயர்கள் தங்கள் குழந்தைகளை நீரண்டை அழைத்துச் செல்ல வேண்டுகிறோம். ஆட்சேபித்த பாட்டியார் இப்போது கிணற்று மேட்டில் துண்டுடன் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் ஒரு சுத்து வா, கண்ணு!" என்று உத்தரவிடுகிறார்.