கிழக்குதிரையின் கணக்கு

விலை கொடுத்து வாங்குவது ஒரு திறம். வாங்கியதைப் பேணுவது மற்றொரு திறம். முன்னதில் நம்மவர் எக்காலத்தும் வல்லவர். பின்னதிலோ நாம் இன்னும் அரிச்சுவடியைக் கடந்தோமில்லை. இதனை நமக்கு உணர்த்தியது ஒரு நூலன்று, பிரசங்கமுமன்று. ஜெராமில் நமது தோட்டத்தின் எல்லை வேலிக்கு அப்பால் நிற்கும் ஒரு கிழக்குதிரையேயாகும்.

நாம் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. ஆங்கிலத்திலே கல்வி பயின்றவர். 1877-இல் அன்னா சூவெல் அம்மையார் எழுதிய ‘பிளாக் பியூட்டி’ என்னும் குதிரைக் கதையை இளமையிற் படித்துக் கண்ணீர் வடித்தோம். ஆயினும் முப்பது வயது கடக்கும் வரையில் உயிருள்ள குதிரை ஒன்றன் கழுத்தைத் தொட்டறியோம்.

மேற்சொன்ன குதிரைக்கு வயது 24. ஒரு காலத்திற் பந்தயத்தில் ஓடியது. ஓட்டம் நின்றபின் கைமாறிக் கைமாறி, நகரத்து வணிகர் ஒருவரின் நிலத்தில் வந்து தங்கிற்று. அதனைப் பார்த்துக்கொள்பவர், நமது தோட்டத்தில் பிறந்து, வாழ்நாளெல்லாம் குதிரை லாயங்களில் சைஸ் வேலை செய்து ஓய்ந்த ஒரு பெரியவர். அவர் குதிரையை ‘ராஜா’ என்பார். நம்மைத் ‘தம்பி’ என்பார். மாலை ஆபீசு முடிந்ததும் அவ்விருவரிடமும் செல்வது நமக்கு வழக்கமாயிற்று.

ஒரு மழைக்காலத்தில் ராஜா மெலியத் தொடங்கிற்று. விலா எலும்புகளை எண்ணலாம் போலாயிற்று. கண்ணேறு என்றனர் சிலர். மிளகாய் சுற்றி எரித்தனர். கழுத்திற் கறுப்புக் கயிறு கட்டினர். நாம் அவர்களை நகைத்து, “வயதாயிற்று, அவ்வளவுதான்” என்றோம். இன்று எண்ணுங்கால், நமது சொல்லும் ஒரு கறுப்புக் கயிறே எனத் தெளிகின்றோம். காரணம் தேடும் உழைப்பினின்று மனிதனை விடுவிக்கும் எச்சொல்லும் மூடநம்பிக்கையே அன்றோ?

போதாக்குறைக்கு நாம் ஒரு கிராணித்தனமும் செய்தோம். மெலிந்தால் தீனியைக் கூட்டவேண்டும் எனத் துணிந்து, தானியத்தை இரட்டிப்பாக்கச் சொன்னோம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் வாளியைப் பார்த்துத் ‘தின்றது’ என்று எழுதிவந்தோம். புத்தகத்தில் தீனி ஏறிற்று. குதிரையில் சதை ஏறவில்லை. ஒரு மாலை பெரியவர் நமது கையைப் பற்றி வேலியோரம் அழைத்துச் சென்றார். “தம்பி, நீங்க வாளியப் பாத்தீங்க, தரையப் பாத்தீங்களா?” என்றார். அங்கே, மென்று துப்பிய வெற்றிலைச் சக்கைபோல, பாதி மென்ற புல்லுருண்டைகள் கிடந்தன.

கால்நடை மருத்துவர் வந்தார். மயக்க ஊசியிட்டு, வாயைத் திறந்து பிடிக்கும் இரும்புக் கருவியைப் பொருத்திக் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். குதிரையின் பல் நம் பல்லைப் போன்றதன்று. அது தேயத் தேய ஈற்றினின்று மேலெழுந்துகொண்டே வரும். மேல்தாடை கீழ்த்தாடையினும் அகலமானதால் தேய்வு சமமாக நிகழாது. கடைவாய்ப் பற்களின் ஓரம் கத்திபோலாகிக் கன்னத்தையும் நாவையும் கிழிக்கும். முதுமையிலோ எழுவதற்குப் பல்லே மிச்சமின்றிப் போகும். மருத்துவர் கூர்முனைகளை அரத்தால் அராவினார். தானியத்தை மிகுத்தால் வயிற்றுவலியும் குளம்புவீக்கமும் வரும் என்று நம்மைக் கண்டித்தார். குதிரையால் வாந்தியெடுக்க இயலாதாகலின், வயிற்றுவலி அதற்கு எமனாகும் என்றார். அன்று முதல் ராஜாவுக்கு, நீரில் ஊறிக் கஞ்சிபோற் குழைந்த தீனியே, சிறிது சிறிதாகப் பலவேளை.

நோட்டுப் புத்தகத்தை நாம் விடவில்லை, எழுதுவதை மாற்றினோம். மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் கிட்டும். முதல் அளவையில் 389 வந்தது. மூன்று மாதங்கழித்து 417. ஓய்ந்திருக்கும் குதிரையின் நாடி நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கவேண்டும், அதனையும் எழுதினோம்.

எண்ணுக்கு அடங்காதவற்றைப் பெரியவர் கற்பித்தார். ஜெராமின் கடற்கரைக் களிமண்ணில் நீர் வடியாது. ஈரத்தில் நின்றால் அடிக்குளம்பு அழுகி நாறும். ஆகவே நாளும் குளம்பைச் சுரண்டித் துடைக்கவேண்டும். ஆறெட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவவேண்டும். நமது புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும். நண்பகலில் உடல் உலர்ந்திருக்க மூச்சு மட்டும் வாங்கினால், நிழலும் நீரும் காற்றும் உடனே தரவேண்டும். குதிரை நின்றபடியே உறங்கும் என்பது பாதி உண்மை. ஆழ்ந்த துயிலுக்கு அது படுத்தேயாகவேண்டும். மூட்டு நோவால் எழமுடியாதோ என அஞ்சும் கிழக்குதிரை படுக்காமலே வாடும்.

நிற்க. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக் கடற்கரையைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, ஒரு செய்தியை எழுதிவைத்துள்ளார். அந்நாட்டு அரசர் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குவராம். ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சாவாம். பேணும் முறை அறியாமையும் குதிரை வைத்தியர் இன்மையுமே காரணமென்கிறார். விற்பனை குறையுமென்று வைத்தியர் வருவதையே வணிகர் தடுத்தனர் என்றும் கூறுகிறார். ஐயனாருக்கு மண்குதிரை செய்து வரிசையாக நிறுத்தும் நாட்டில் உயிர்க்குதிரை பட்ட பாடு இது!

இன்று மட்டும் என்ன? 1842-இல் தோன்றிய சிங்கப்பூர்ப் பந்தயக் கழகம் 2024 அக்டோபர் 5-இல் தன் இறுதிப் பந்தயத்தை நடத்தியது. பந்தயக் குதிரை பெரும்பாலும் பத்து வயதுக்குள் ஓய்ந்துவிடும். நன்கு பேணினால் 25, 30 ஆண்டும் உயிர்வாழும். ஓடிய சில ஆண்டுகளுக்குப் பணங்கட்ட ஆயிரவர் உளர். ஓடாத பல ஆண்டுகளுக்குப் புல்லிட எத்தனை பேர்?

ஒருநாள் பெரியவர், “தானா எந்திரிக்க முடியாத நாள் வந்தா டாக்டரக் கூப்பிட்டுருங்க தம்பி. நமக்குத் தைரியம் வர்றவரைக்கும் அது சேத்துல கிடக்கக் கூடாது” என்றார். பேணுதலின் கடைசிப் பாடம் அது. மருத்துவரின் எண்ணை அன்றே புத்தகத்தின் முதற்பக்கத்தில் எழுதினோம். பெரியவர் தேநீரில் ரொட்டியை நனைத்து நனைத்து உண்டுகொண்டிருந்தார். ஓராண்டாக அவரோடு பழகியும், அவர் வாயிற் பல்லில்லை என்பதை அப்போதுதான் கண்டோம்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. செக்ரோலில் எத்தனை முதியோர் பெயரை நமது கையாலேயே அடித்திருக்கின்றோம்! நாற்பதாண்டு உழைத்தவரின் பெயர்மேல் ஒரு கோடு, கணக்குச் சரி. அவர் எதை மெல்கிறார், எங்கே படுக்கிறார் என்று ஒருநாளும் கேட்டோமில்லை. வாளி காலியாயிருந்தது, தரையை நாம் பார்க்கவில்லை.

இப்பொழுது ஞாயிறுதோறும் அந்நோட்டுப் புத்தகத்தோடு லயத்துக்கும் செல்கின்றோம். முதலில் அழைத்துச் சென்றது பெரியவரை, பல் மருத்துவரிடம். நாம் செய்தது சிறிது. அன்பர்காள், உங்கள் தோட்டத்திலும் லயங்கள் உள. நோட்டுப் புத்தகமும் கடையில் மலிவாகவே கிடைக்கின்றது.