மரக்கால் நெல்லும் ஜாவா வரியும்

அப்பாவின் வயல் கணக்கு நோட்டுகளைக் கணினியில் ஏற்றி வருவதை முன்பே சொல்லியிருக்கிறேன். குறுவை, சம்பா, ஆள் கூலி, உரம், வண்டி வாடகை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 20,000 வரிகள். தட்டச்சு செய்யவே மூன்று வருஷம் போயிற்று. அவற்றை ஒரே புத்தகமாகக் கோக்க, ஓய்வுக்குப் பின் கற்றுக்கொண்ட ஜாவாவில் நானே ஒரு புரோகிராம் எழுதினேன்.

ஓடவிட்டால் முக்கி முனகியது. ஒவ்வொரு பிழை திருத்தத்துக்கும் மறுபடி காத்திருப்பு. லேப்டாப் பழசாகிவிட்டது என்று தீர்மானித்து, பென்ஷன் பணத்தில் புதிது வாங்க விலைகூட விசாரித்துவிட்டேன். லீவுக்கு வந்த பேத்தி எட்டிப் பார்த்தாள்.

"மெஷின் மேல தப்பில்ல தாத்தா. லூப்புக்குள்ள கூட்டல் குறி போட்டு வரியைச் சேர்க்கிறீங்களே, அதான்."

ஜாவாவில் ஸ்ட்ரிங் என்ற எழுத்துச் சரத்தை உருவாக்கிய பின் மாற்ற முடியாது. ஒரு வரி சேர்க்க வேண்டுமானால் புது இடம் பிடித்து, பழையதை முழுக்க அங்கே நகலெடுத்து, கடைசியில் புது வரியை வைக்கும். ஒவ்வொரு மரக்கால் நெல் வரும்போதும் புதுப் பத்தாயம் செய்து, பழைய நெல்லையெல்லாம் அதற்கு மாற்றினால் எப்படி! வரிக்கு 40 எழுத்து என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 8 லட்சம் எழுத்துள்ள புத்தகத்துக்கு 800 கோடி எழுத்து நகல்.

இதற்கென்றே ஸ்ட்ரிங்பில்டர் என்று ஒன்று 2004-ல் வந்த ஜாவா 5-லேயே இருக்கிறது. முதலில் 16 எழுத்துக்கு இடம். நிரம்பினால் ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக்கொள்ளும். 20,000 தடவை மாற்றிய இடத்தில் சுமார் 16 தடவைதான். அளவை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதுவும் வேண்டாம். அறுவடைக்கு முன்பே விளைச்சலைக் கண்ணால் மதிப்பிட்டு அப்பா பத்தாயத்தை ஒழித்துவைப்பார், அந்த மாதிரி.

பேத்தி மூன்று வரியை மாற்றினாள். பொத்தானை அழுத்திக் கையை எடுப்பதற்குள் புத்தகம் வந்துவிட்டது.

2017-ல் வந்த ஜாவா 9, ஒரே வரியில் போடும் கூட்டல் குறிகளைத் தானே சீராக இணைத்துக்கொள்கிறதாம். லூப்புக்குள் போடும் என் மாதிரி ஆளுக்கு அதுவும் உதவாது. அதே பதிப்பில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். நம் தமிழுக்கு இன்னும் இரண்டு. 'கொ' என்ற ஓரெழுத்துக்கு நான்கு. எனக்கு அதில் சின்ன வருத்தம்தான்.

லேப்டாப்புக்கு எடுத்துவைத்த பணத்தில் அப்பாவின் நோட்டுகளை பைண்டிங்குக்குக் கொடுத்திருக்கிறேன்.