மஞ்சள் சட்டை அணியாத தினேஷ் கார்த்திக்

தினேஷ் கார்த்திக் 2008 முதல் 2024 வரை ஐ.பி.எல்லில் 257 ஆட்டங்கள் ஆடி 4,842 ரன் எடுத்தார். டெல்லி, பஞ்சாப், மும்பை, பெங்களூரு, குஜராத், கொல்கத்தா என ஆறு அணிகளின் சட்டையைப் போட்டார். சென்னையில் பிறந்து, தமிழ்நாட்டு அணிக்குத் தலைமை தாங்கிய அவர், சென்னை சூப்பர் கிங்ஸுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. சென்னையிலிருந்து இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால், காவிரியின் கடைமடையில் இருக்கும் திருக்கடையூரிலும், சென்னை அவரை எடுத்திருக்க வேண்டுமா என்ற வழக்கு இன்னும் தீராமல் இருக்கிறது.

அங்கே பேச நேரம் உண்டு. அறுபதாம் கல்யாணத்துக்கும் சதாபிஷேகத்துக்கும் வெளியூர்க் கார்கள் விடிவதற்குள் சன்னதித் தெருவை நிறைத்துவிடும். ஹோமம் முடியும்வரை ஓட்டுநர்களுக்கு டீக்கடைதான் கதி. ஐ.பி.எல் நடக்கும் பங்குனியும் சித்திரையும் டெல்டாவுக்கும் ஓய்வு மாதங்கள். சம்பா அறுவடை தை, மாசியில் முடிந்திருக்கும். அதன் பிறகு வந்த உளுந்தும் பயறும் களத்துக்கு வந்திருக்கும். மேட்டூர் அணை திறக்க ஜூன் 12 வரை காத்திருக்க வேண்டும். காய்ந்த வயலில் மாலையில் பையன்கள் டென்னிஸ் பந்தில் ஆடுவார்கள். இரவில் டிவியில் சென்னை ஆடும். “டிகேவ எடுத்திருக்கணும்ணே” என்று ஒருவர் தொடங்கினால் போதும், அடுத்த டீ வந்துவிடும்.

வழக்கின் வேர் 2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் நடந்த முதல் ஏலம். ஒவ்வோர் அணிக்கும் 50 லட்சம் டாலர் வரம்பு. சச்சின், திராவிட், கங்குலி, சேவாக், யுவராஜ் ஆகிய ஐவரும் ஏலத்துக்கு வராமலே தத்தம் ஊர் அணிகளுக்கு ‘ஐகான்’ வீரர்களாகப் போய்விட்டார்கள். அணியின் அதிக விலை வீரரைவிட ஐகானுக்கு 15 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்பது விதி. சென்னைக்கு ஐகான் கிடையாது. அன்று அது ஒரு குறையாகத் தெரிந்திருக்கும். ஏலத்தில் அதுவே பலமானது. தோனியை மும்பை 15 லட்சம் டாலருக்கு எடுத்திருந்தால் சச்சினுக்கு 17.25 லட்சம் தர வேண்டியிருக்கும். இருவருக்கு மட்டும் 32.25 லட்சம் போயிருக்கும். சென்னைக்கு அந்தச் சுமை இல்லை. 15 லட்சத்துக்குத் தோனி வந்தார். கார்த்திக்கை டெல்லி 5.25 லட்சத்துக்கு எடுத்தது.

அந்த நாளைக் கார்த்திக்கே பின்னாளில் ஒரு பேட்டியில் விவரித்தார். வழக்கில் இதைவிடக் கனமான சாட்சியம் கிடையாது. இந்திய அணி அப்போது ஆஸ்திரேலியாவில் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து நாட்டுக்காக ஆடுபவர்களில் தாமே பெரிய பெயர் என்பதால் சென்னை தம்மைத்தான் எடுக்கும் என்று அவர் உறுதியாக நம்பியிருந்தார். கேப்டன் பதவியும் சேர்ந்து வருமா என்பது மட்டுமே அவருக்கு இருந்த கேள்வி. முதல் பெயராகத் தோனியைச் சென்னை வாங்கியது. தோனி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது என்று கார்த்திக் நியாயமாகவே சேர்த்துச் சொன்னார். ஆனாலும் அது நெஞ்சில் இறங்கிய கத்தி என்றார். சென்னையின் அழைப்புக்காகப் பதின்மூன்று ஆண்டுகளாகக் காத்திருப்பதாகவும் சொன்னார். இதில் உள்ள வலி உண்மையானது. 2004 செப்டம்பரில் லார்ட்ஸில் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கியவர் கார்த்திக். தோனி வந்தது அதே ஆண்டு டிசம்பரில். இந்திய அணியில் பறிபோன இடம், சொந்த ஊர் அணியிலும் அதே மனிதரிடம் போனது.

ஒரே அணியில் இரண்டு கீப்பர் எதற்கு என்பது எதிர்த்தரப்பின் நிரந்தர வாதம். இது அவ்வளவாக நிற்காது. அதே 2008 ஏலத்தில் சென்னை பார்த்திவ் படேலை வாங்கியது; அவர் கையுறை இல்லாமல் தொடக்க ஆட்டக்காரராக ஆடினார். பின்னர் விருத்திமான் சாஹாவும் வந்தார். தோனி இருக்கும்போதே கீப்பர்கள் வெறும் பேட்ஸ்மேன்களாகச் சென்னையில் ஆடியிருக்கிறார்கள். கார்த்திக்குக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. அவருடைய விலைக்கு இடம் இல்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். 2014இல் அவர் 12.5 கோடிக்கும், அடுத்த ஆண்டு 10.5 கோடிக்கும் போனவர்.

2018ஐப் பற்றிய சண்டை இன்னும் சூடானது. ஜனவரி ஏலத்தில் கொல்கத்தா அவரை 7.4 கோடிக்கு எடுத்தது. ஏழு வாரம் கழித்து, மார்ச் 18 அன்று கொழும்பில், வங்கதேசத்துக்கு எதிராக 8 பந்தில் 29 ரன் அடித்து, கடைசிப் பந்தில் சிக்ஸரோடு நிதஹாஸ் கோப்பையை வென்று தந்தார். ‘விட்டுட்டோமே’ என்று தமிழ்நாடே தலையில் கைவைத்த இரவு அது. ஆனால் அதே ஏலத்தில் சென்னை 2.2 கோடிக்கு எடுத்த அம்பட்டி ராயுடு அந்த சீசனில் 602 ரன் குவித்தார். சென்னை கோப்பையை வென்றது. கார்த்திக் எடுத்தது 498. கார்த்திக் வந்திருந்தால் ராயுடு வந்திருப்பாரா என்ற கேள்விக்கு அவர் பக்கத்து வக்கீல்களிடம் பதில் இல்லை.

சென்னை தடை செய்யப்பட்டிருந்த 2016, 2017 ஆண்டுகளில் அவர் ஒரு வகையில் சென்னைக்கு மிக அருகே வந்தார். ரெய்னா, ஜடேஜா, பிராவோ, மெக்கல்லம் என்று பாதிச் சென்னை ராஜ்கோட்டின் குஜராத் லயன்ஸுக்குப் போயிருந்தது, கீப்பர் கார்த்திக். அந்தக் கூட்டத்தில் தோனி இல்லை, அவர் புனேவில் இருந்தார். 2022 ஏலத்தில் சென்னை அவருக்காகக் கையும் தூக்கியது, ஆனால் பெங்களூரு 5.5 கோடிக்குக் கொண்டுபோனது. அந்த ஆண்டு கார்த்திக்கின் 330 ரன் 183 ஸ்ட்ரைக் ரேட்டில் வந்தது. சென்னை ஒன்பதாம் இடத்தில் முடிந்தது.

அமெரிக்கக் கூடைப்பந்தில் இத்தகைய வழக்குகள் வேறு விதமானவை. ஒப்பந்தம் முடிந்த வீரர் தாம் போகும் ஊரைத் தாமே தேர்ந்தெடுக்கலாம். 2000ஆம் ஆண்டில் டிம் டங்கனை ஆர்லாண்டோ அழைத்துப் பேசியது. அவர் சான் அன்டோனியோவிலேயே தங்கி, பின்னர் மேலும் நான்கு கோப்பைகள் வென்றார். ஆர்லாண்டோ ரசிகரின் மனத்தாங்கல் டங்கனோடுதான். ஏலத்தில் வீரர் எந்த ஊரையும் மறுப்பதில்லை. எந்த ஊரையும் கேட்கவும் முடியாது. அதனால் கார்த்திக்மீது எந்தத் தெருவிலும் யாருக்கும் கோபம் இல்லை.

சொந்த ஊர்க்காரரை எடுக்காத அணியைச் சொந்த அணி என்று கொண்டாடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். நாகசுரம் கேட்டு வளர்ந்த பூமிக்கு இதற்கு விடை தெரியும். திருமருகலில் பிறந்த ராஜரத்தினம் பிள்ளையை யாரும் திருமருகலோடு சேர்த்து அழைப்பதில்லை. வாசித்த ஆதீனத்தின் ஊரால் அவர் திருவாவடுதுறையார். ராஞ்சிக்காரரான தோனி சென்னையின் ‘தல’ ஆனதும் அப்படித்தான். ஆனால் ஓர் ஊர் ஒருவரை வரித்துக்கொண்டதால், அங்கேயே பிறந்து வெளியே வாசித்தவரின் ஏக்கம் சிறிதாகிவிடாது. கார்த்திக்குக்காக வாதாடுபவர்கள் கேட்பதும் இதைத்தான். அந்தக் கேட்பில் நியாயம் இருக்கிறது.

2024 மே 18 அன்று பெங்களூருவில் சென்னை 27 ரன்னில் தோற்று வெளியேறியபோது, ஸ்டம்புக்குப் பின்னால் நின்றவர் கார்த்திக். நான்கு நாள் கழித்து அவருடைய ஐ.பி.எல் வாழ்க்கையும் முடிந்தது. அந்த ஆண்டு நவம்பர் ஏலத்தில் சென்னை 9.75 கோடி கொடுத்து அஸ்வினைத் திரும்ப அழைத்துக்கொண்டது. கார்த்திக் பெங்களூருவிலேயே பேட்டிங் பயிற்சியாளராகவும் வழிகாட்டியாகவும் தங்கினார். 2025 ஜூன் 3 அன்று அந்த அணி தன் முதல் கோப்பையை வென்றது.