கல்லும் குடையும்

விடியலுக்கு முந்திய அரைமணி நேரம் எங்கள் தெரு மனிதருக்கு உரியதன்று என்பதைப் பணி ஓய்வு பெற்ற பிறகே நாங்கள் அறிந்தோம். பால்காரரின் மிதிவண்டி மணி ஒலிப்பதற்கும், வாசல் தெளிக்கும் வாளிகளின் ஓசை எழுவதற்கும் முன்பு அந்தத் தெரு நாய்களுக்கு உரியது. தேநீர்க்கடைத் திண்ணையில் ஒன்று, குப்பைத் தொட்டியருகே இரண்டு, பாதி கட்டி நிற்கும் வீட்டின் மணற்குவியல்மேல் இரண்டு எனத் தத்தம் இடங்களில் அவை படுத்திருக்கும். பகலெல்லாம் வண்டிகளுக்கும் வசைகளுக்கும் ஒதுங்கி வாழும் அந்த உயிர்கள், அவ்வேளையில் மட்டும் தலைநிமிர்ந்து தெரு நடுவே நிற்கும். அந்த நேரத்தில்தான் நாங்கள் இருவரும் எங்கள் வீட்டு நாயை அழைத்துக்கொண்டு நடக்கப் புறப்படுவோம்.

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையிலுள்ள ஊர். நாங்கள் இருவரும் ஆசிரியர்களாக இருந்தவர்கள். முப்பது ஆண்டுக்கு மேலாக வகுப்பறையில் பிரம்பைத் தொட்டதில்லை என்று பெருமை பேசிக்கொண்டவர்கள். மகள் வெளிநாட்டு வேலைக்குச் சென்றபோது எங்களிடம் விட்டுச்சென்ற வெள்ளைச் சடைநாய்க்குப் பஞ்சு என்று பெயர். ஊரார் அதனைப் பொமரேனியன் என்பார்கள். நம் நாட்டில் அப்பெயரால் வழங்கும் நாய்களுள் பெரும்பாலானவை இந்திய ஸ்பிட்ஸ் என்னும் வகையைச் சேர்ந்தவை என்று எங்கள் கால்நடை மருத்துவர் திருத்துவார். எட்டுக் கிலோ எடைகூட இல்லை. ஆனால் குரைப்பில் யானைக்கு நிகர். சங்கிலியின் மறுமுனையில் நாங்கள் இருக்கிறோம் என்ற துணிவில், எதிர்ப்படும் ஒவ்வொரு தெருநாயையும் அது வம்புக்கு இழுக்கும்.

2023-ஆம் ஆண்டு மார்கழியின் தொடக்கத்தில், தெருக்கோடியிலுள்ள சிறு பாலத்தடியில் செவலை நான்கு குட்டிகளை ஈன்றிருந்தது. அதன் நிறமே அதன் பெயர். அதுவரை எங்களைக் கண்டால் வாலைத் தாழ்த்தி விலகிப்போன அந்த நாய், குட்டி போட்ட நாள் முதல் பாலத்தருகே எங்களை மறித்துக் குரைத்தது. ஒரு நாள், இரு நாள் பொறுத்தோம். மூன்றாம் நாள் அது நாலடி தூரத்தில் வந்து பல்லைக் காட்டியபோது, அச்சம் மேலிட்டு ஒரு கருங்கல் சில்லை எடுத்து எறிந்தோம். எறிந்த கை எங்கள் இருவரில் யாருடையது என்பதை இங்கே எழுதத் தேவையில்லை, மற்றவர் தடுக்கவில்லை. கல் அதன் முன்னங்காலில் பட்டது. வீறிட்டுக்கொண்டு மூன்று காலில் நொண்டியபடி அது பாலத்தடிக்குள் மறைந்தது. இனித் தொல்லையில்லை என்று எண்ணி வீடு திரும்பினோம். ஒரு வெற்றியுணர்வுகூட இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

நான்கு நாள் கழித்து அது வந்தது. இம்முறை குரைக்கவில்லை. உடன் வேறு இரண்டு நாய்கள். விறைத்த உடலும் உயர்ந்து நின்ற வாலுமாக, ஓசையின்றி மூன்று புறமும் சூழ்ந்தன. பஞ்சுவைத் தூக்கி மார்போடு அணைத்தோம். அவை அதனை எட்டிப் பிடிக்க எங்கள்மேல் பாய்ந்தன. கைநழுவி அது கீழே விழுந்தது. பிறகு நடந்தது ஒரு நிமிடம்கூட இராது. தேநீர்க்கடை அண்ணாச்சி ஓடிவந்து ஒரு வாளித் தண்ணீரை அந்தக் கூட்டத்தின்மேல் கொட்டிய பிறகே நாய்கள் பிரிந்தன. பஞ்சுவின் தோள் கிழிந்து தொங்கியது. விலக்கப்போன எங்கள் கையொன்றில் இரண்டு பல் தடங்கள். அவை தெருநாயின் பற்களா, அச்சத்தில் அறியாது கடித்த எங்கள் பஞ்சுவின் பற்களா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அரசு மருத்துவமனையில் முதலில் கேட்ட கேள்வி, "சோப்புப் போட்டுக் கழுவினீர்களா?" என்பதுதான். கழுவியிருந்தோம், ஆனால் ஏதோ கடமைக்கு. ஓடும் நீரில் சோப்பிட்டுக் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் காயத்தில் அப்பக் கூடாது என்று செவிலியர் சொன்னார். காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத மருந்தைச் செலுத்திவிட்டு, தடுப்பூசியை அன்றும் அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள்களிலும் தோலில் போட்டார்கள். எங்கள் இளமையில் நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று சொல்லியே குழந்தைகளை அச்சுறுத்துவார்கள். அந்தப் பழைய மருந்து வழக்கொழிந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆயினும் ஒன்று மாறவில்லை. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிய பிறகு உயிர்பிழைப்பது அரிதினும் அரிது. தோன்றும் முன் காப்பதே காப்பு. 1885-இல் பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக ஊசி போட்ட நாளிலிருந்து இதுதான் நிலை.

பஞ்சுவுக்குப் பதினொரு தையல். ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டிருந்தும் அதற்கு மறுபடியும் போட்டார்கள். தையலிட்டு முடித்த கால்நடை மருத்துவர், மாணவரைக் கேட்பதுபோல் எங்களைக் கேட்டார்: "அதற்கு முன்பு அந்த நாயை நீங்கள் ஏதாவது செய்தீர்களா?" நாங்கள் தலைகவிழ்ந்து நின்றோம். அண்ணாச்சியோ கேட்கவே இல்லை; சொல்லிவிட்டார்: "குட்டி போட்ட நாய் மேல கல்ல எறிஞ்சீங்கல்லா சார், அது எப்படி மறக்கும்?" அவர் ஒருவர்தான் அன்று அதைப் பார்த்திருந்தார்.

முப்பது ஆண்டு கற்பித்த நாங்கள் அதன் பிறகு கற்றவை சில உண்டு. நாயுடன் நடக்கும் அன்பர்களுக்குப் பயன்படும் என்பதால் அவற்றைச் சற்று விரித்து எழுதுகிறோம்.

முதற் காப்பு தொலைவே. காலடியைப் பார்த்து நடவாமல் முப்பது அடிக்கு அப்பால் பார்த்து நடந்தால், நாய்க் கூட்டம் நம்மைக் காணும் முன் நாம் அதைக் காணலாம்; எதிர்ப்பக்கம் ஒதுங்கலாம்; வேண்டுமாயின் திரும்பியும் விடலாம். திரும்புவதில் மானக்கேடு ஒன்றுமில்லை. நெருங்கி வந்துவிட்டால் ஓடலாகாது. ஓடுவது எதுவாயினும் துரத்துவது நாயின் இயல்பு. கண்ணோடு கண் நோக்குவது நம்மிடையே நேர்மை. நாய்களிடையே அது போருக்கு அழைப்பு. ஆகவே பக்கவாட்டில் திரும்பி நின்று, பார்வையைத் தாழ்த்தி, முதுகு காட்டாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும். குரைக்கும் நாயைவிட, ஓசையின்றி விறைத்து நிற்கும் நாயிடமே கூடுதல் கவனம் தேவை.

அடுத்தது சங்கிலி. அதைக் குட்டையாகப் பிடிக்க வேண்டும். ஆனால் முறுக்கி இழுக்கக் கூடாது. நம் கையின் நடுக்கம் சங்கிலி வழியே நாயின் கழுத்தை எட்டிவிடுகிறது. அது கலவரமடைந்து குரைக்க, எதிரிலுள்ள நாய் அதைச் சவாலாகக் கொள்கிறது. கழுத்துப்பட்டையைவிட மார்பைச் சுற்றிய பட்டை நல்லது. ஆபத்தில் கழுத்தை நெரிக்காமல் நாயைப் பின்னுக்கு இழுக்கலாம். இப்போது பஞ்சுவைத் தூக்குவதில்லை. எங்களுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு, முன்னால் குடையை விரிக்கிறோம். கையகல மூட்டையாக இருந்த பொருள் திடீரெனச் சுவராகும்போது பெரும்பாலான நாய்கள் திகைத்து நின்றுவிடும். சட்டைப்பையில் பிஸ்கட்டுத் துண்டுகள் இருக்கும். அவற்றை எங்களை விட்டு விலகிய திசையில் மண்ணில் சிதற விட்டால், பொறுக்கும் நேரத்தில் நாங்கள் நகர்ந்துவிடலாம். இத்தனைக்குப் பிறகும் சண்டை மூண்டுவிட்டால் கையை நடுவே நீட்டக் கூடாது. தண்ணீரும் பேரொலியும்தான் விலக்கும். நாமே கீழே விழுந்துவிட்டால் உடலைச் சுருட்டிக்கொண்டு, முகத்தையும் கழுத்தையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். காரணமின்றி எதையும் கடித்துக்கொண்டு, எச்சில் ஒழுகத் தள்ளாடித் திரியும் நாயிடம் இந்த உத்திகள் எதையும் முயலாமல் அகன்று சென்று, உரியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். குட்டிகள் உள்ள இடத்தையோ இரண்டு மாதம் முற்றாகத் தவிர்க்க வேண்டும். இதை மட்டும் நாங்கள் முன்பே அறிந்திருந்தால் மற்றவை தேவைப்பட்டிரா.

நிற்க. பொங்கல் கழிந்த ஞாயிறு மாலை எங்கள் தெருவினர் கூடினார்கள். எங்களுக்கு நேர்ந்ததே கூட்டத்துக்குக் காரணம். நான்காம் வீட்டு அம்மையாரின் பேரன் நாய் துரத்தியதில் மிதிவண்டியிலிருந்து விழுந்து பல் உடைந்திருந்தான். பேச்சு சூடேறியது. "சோற்றில் மருந்து வைத்தால் ஒரே இரவில் முடிந்துவிடும்" என்றார் ஒருவர். பலர் தலையசைத்தனர். பிறகு எல்லாரும் கட்டுப்போட்ட எங்கள் கையைப் பார்த்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் நாங்கள், எங்கள் ஒரு சொல் போதும்.

பேசாதிருப்பது மிக எளிதாக இருந்தது. எங்கள் மௌனத்தையே அவர்கள் இசைவாகக் கொண்டிருப்பார்கள். ஆனால் வாசலோரம் அண்ணாச்சி தேநீர்த் தட்டுடன் நின்றுகொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும், அதுவே தாளவில்லை. எழுந்து சொன்னோம்: "முதல் கல் எங்களுடையது." நடந்ததை ஒன்று விடாமல் சொன்னோம்.

நான்காம் வீட்டு அம்மையார் கேட்டார்: "உங்கள் மனச்சான்றுக்காக என் பேரன் கடிபட வேண்டுமா?" அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் விடையில்லை. அது தவறான கேள்வியும் அன்று. எனினும் நஞ்சு வைப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்றும், ஒரு தெருவின் நாய்கள் ஒழிந்தால் அந்த வெற்றிடத்துக்கு ஊசி போடாத அயல்தெரு நாய்கள் வந்து சேரும் என்றும் மருத்துவர் விளக்கியதை எடுத்துச் சொன்னோம். 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. ஒரு வட்டாரத்து நாய்களுள் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டுவந்தால் அங்கே வெறிநோயின் பரவல் அறுந்துபோகும் என்பது உலக சுகாதார நிறுவனம் காட்டும் அளவு. வண்டிச் செலவை நாங்கள் ஏற்பதாகச் சொன்னோம். நஞ்சுப் பேச்சு அடங்கியது, கசப்பு அடங்கவில்லை.

நான்கு மாதங்களில் ஐந்து நாய்களைக் கொண்டுசென்றார்கள். நான்கு, காது மடலில் சிறு வெட்டுடன் திரும்பி வந்தன. அந்த வெட்டுத்தான் அறுவை முடிந்ததன் அடையாளம். கிழட்டுக் கறுப்பு நாய் மட்டும் திரும்பவில்லை. ஏன் என்று விடாமல் கேட்டறிய நாங்கள் முனையவில்லை. அதுவும் எங்கள் குறையே. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லி நாய்களையெல்லாம் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டதையும், அதே மாதம் 22-ஆம் நாள் அதனைத் திருத்தி, வெறிநோயுற்றவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக மற்றவற்றைத் தடுப்பூசிக்குப் பின் அவற்றின் இடத்திலேயே விடச் சொன்னதையும் செய்தித்தாளில் படித்தபோது, நாடு முழுவதும் எங்கள் தெருக் கூட்டம்தான் நடக்கிறது என்று எண்ணிக்கொண்டோம். இரு பக்கத்திலும் காயம்பட்டவர்கள். இரு பக்கத்திலும் நியாயம்.

நான்காம் வீட்டு அம்மையார் இன்றும் எங்களிடம் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. அவரைக் குறைசொல்ல எங்களுக்கு வாயில்லை. பேரன் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் எங்களில் ஒருவர் குடையோடு தெருக்கோடி வரை போய் நிற்கிறோம். அவனும் ஒன்றும் பேசுவதில்லை. ஆனால் பாலத்தைத் தாண்டியதும் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறான்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். நடக்கும் வழியில் பஞ்சுவின் பட்டை நெகிழ்ந்தால் அதைச் சரிசெய்யக் குனிய நேரும். குனிந்த அந்தக் கணமே, எங்கோ படுத்திருக்கும் தெருநாய்கள் எழுந்து ஓடும். குனிபவன் கல்லெடுப்பான் என்பது அவை பாலோடு பருகிய பாடம். அதைக் கற்பித்தவர்கள் நாம். இப்போதெல்லாம் பட்டையை இறுக்க வேண்டுமானால், ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு இறுக்குகிறோம்.

செவலை இன்னும் அந்தப் பாலத்தருகேதான் இருக்கிறது. குளிர்ந்த காலைகளில் அந்த முன்னங்காலைத் தரையில் ஊன்றத் தயங்குகிறது. எங்களைக் கண்டால் எழும். சற்று நேரம் பார்க்கும். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடும். அதை மன்னிப்பு என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு உரிமையில்லை. எதிர்ப்பக்கமாகவே நடந்து போகிறோம்.